காசியில் இறத்தலும் வீடுபேறும்

காசியம்பதியில் உடல்நீத்தார் எவரேயாயினும் அவர்க்கு வீடுபேறு ஒருதலை என்பது பன்னெடுங்காலமாக நம்மனோரிடை வழங்கிவருங் கொள்கை. ஞானத்தாலன்றி வீடெய்துதல் கூடாது என்பது சைவசித்தாந்தத்தின் முடிந்த முடிபு. இவ்விரண்டும் தம்முள் முரணுவனபோற் காணப்படும். முன்னையது இடத்தின்மேலும் இறப்பின்மேலும் வைத்து முத்தி கூறுகின்றது. பின்னையது உணர்வின்மேல் வைத்துக் கூறுகின்றது. ஒன்றைக் கொண்டு மற்றொன்றைத் தள்ளிவிடுதல் எளிது; அங்ஙனந் தள்ளினாரும் உளர். காசி யாத்திரை அறியாதார் செயலென்று இகழ்ந்தார் ஒருசாரார். சித்தாந்தக் கல்வி எற்றுக்கு, புகைவண்டிக்குப் பொருள் தேடினால் அமையுமே என்றிருப்பார் மற்றொருசாரார். இவ்விருதிறத்தாரும் புராணத்தையும் நிரம்ப நோக்கிற்றிலர், சாத்திரத்தையும் நிரம்ப நோக்கிற்றிலர் என்பது எம் கருத்து. அஃது எங்ஙனமென்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

வருணை, அசி என்னும் ஆறுகள் இரண்டும் கங்கையொடு கலக்கும் இடங்களுக்கு நடுவே கிடத்தலின் இந்நகர் வாரணாசி எனப்பட்டது என்ப. கடல்நோக்கிக் கிழக்கே செல்லுங் கங்கை இவ்விடத்து வடக்கே திரும்பி ஓடுகின்றது. நகர் அதன் மேல்கரையில் உள்ளது. ஆகலின் 84 என்று எண்ணப்படும் படித்துறைகளில் எதனில் நின்று நீராடினும் ஞாயிறு எதிரே எழக் காணலாம். இறைவன் எக்காலத்தும் விட்டு நீங்காத இடமாதலின் அவிமுத்தம் என்றும், ஆனந்தவனம் என்றும், மகாமயானம் என்றும் நூல்கள் இதனைக் கூறும். இவற்றுள் மகாமயானம் என்னும் பெயர் எண்ணத்தக்கது. பிறவூர்களிற் சுடுகாடு ஊர்ப்புறத்தே ஒதுங்கிக் கிடக்கும். மக்கள் அதன் பெயர் சொல்லவும் அஞ்சுவர். காசியிலோ மணிகர்ணிகைத் துறை ஊரின் நடுவே இரவும் பகலும் எரிந்துகொண்டிருக்கின்றது. தன்னையே பெருஞ்சுடலை என்று பெருமையொடு சொல்லிக்கொள்ளும் ஊர் வேறொன்றை யாம் அறியேம்.

விசுவநாதர் திருக்கோயில் 1669-ஆம் ஆண்டு ஔரங்கசீப்பின் ஆணையால் இடிக்கப்பட்டதும், இப்போதுள்ள கோயிலை ஏறக்குறைய 1780-இல் இந்தூர் அரசியார் அகல்யாபாய் எடுப்பித்ததும், பஞ்சாப் மன்னர் இரஞ்சித்சிங்கு விமானத்துக்குப் பொன் அளித்ததும் யாவரும் அறிந்தனவே. கோயிலுக்கும் கங்கைக்கும் இடையிலிருந்த நெருக்கம் நீக்கப்பட்டு, 2021-ஆம் ஆண்டு திசம்பரில் அகன்ற வழி திறக்கப்பட்டது. இவற்றை விரித்தல் நம் நோக்கமன்று.

இனி, காசியில் இறந்தார்க்கு முத்தி என்று கூறும் நூல்கள் அதனை யாங்ஙனங் கூறுகின்றன என்று நோக்குவாம். காந்தபுராணத்துக் காசிகண்டமும், அதனைத் தமிழில் யாத்த அதிவீரராம பாண்டியர் நூலும் நம்மவர்க்குப் பழக்கமானவை. அவற்றின் கருத்து இது: உயிர் பிரியும் அமையத்து விசுவநாதரே எழுந்தருளி, இறப்பவனது வலச்செவியில் தாரகமந்திரத்தை உபதேசிக்கின்றார், அவ்வுபதேசத்தால் அவன் கடைத்தேறுகின்றான். சாபால உபநிடதமும் உயிர்கள் பிராணன் நீங்கும்போது உருத்திரர் தாரகப் பிரமத்தை உபதேசிக்கும் இடம் என்றே அவிமுத்தத்தைக் கூறுகின்றது. இதனை ஊன்றி நோக்குவார்க்கு முதல் ஐயம் நீங்கிவிடும். இறப்பு முத்திக்கு ஏது என்றாவது, மண் முத்திக்கு ஏது என்றாவது அந்நூல்கள் கூறிற்றில. உபதேசமே ஏது என்றன. உபதேசத்தின் பயன் ஞானமன்றோ? ஆகவே காசியில் முத்தி என்பதூஉம் ஞானத்தால் முத்தி என்பதன் ஒரு வகையேயாம். அங்கே குருவாகி வருபவன் இறைவன். இறைவனே குருவாய் எழுந்தருளி உணர்த்துவான் என்பது சிவஞானபோதத்து எட்டாஞ் சூத்திரம் கற்றார்க்குப் புதியதன்று.

அவ்வுபநிடதம் இன்னுமொன்று கூறுகின்றது. அவிமுத்தம் எங்கே உள்ளது என்று அத்திரி வினாவ, வரணைக்கும் நாசிக்கும் நடுவே உள்ளது என்று யாஞ்ஞவற்கியர் விடையிறுத்து, வரணை என்பது பொறிகளாலாகுங் குற்றங்களைத் தடுப்பது, நாசி என்பது அவற்றாலாகும் பாவங்களை அழிப்பது என்று பெயர்க்காரணங் காட்டி, புருவமும் மூக்கும் கூடுமிடமே அது என்று முடிக்கின்றார். அகப்பூசையில் இதயம் பூசைத்தானம், உந்தி ஓமத்தானம், புருவநடு தியானத்தானம் என்று நம்மாசிரியர்கள் வகுத்தமை ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. இதுகொண்டு, காசி என்பதே உள்ளிருக்கும் ஒரு தானத்தின் பெயர், புறத்தே ஒரு நகர் வேண்டா என்பாரும் சிலர் உளர். அது பொருந்தாது. அகத்தே பூசைத்தானம் உண்டென்றமையால் புறத்தே திருக்கோயில் வேண்டாவென்று நாம் சொல்லுகின்றோமா? அகத்ததும் புறத்ததும் ஒன்றையொன்று விளக்குவன. ஒன்றையொன்று விழுங்குவன அல்ல.

அற்றேல், தடை ஒன்று நிகழும். உபதேசம் பெற்றால் முத்தி என்பது சரியே. ஆயின் உபதேசம் பயன்படுதற்கு இருவினையொப்பும் மலபரிபாகமும் வேண்டும். அவை வாய்த்தவழியே சத்திநிபாதம் நிகழும். காசியிலோ நல்லார் தீயார், கற்றார் கல்லார் என்னும் வேறுபாடின்றி, புழுவும் பறவையும் உட்பட எல்லா உயிர்க்கும் முத்தி கூறப்படுகின்றது. நேற்றுவரை கொலையும் களவும் செய்தவன் இன்று காசிக்கு வந்து காய்ச்சலில் இறந்தானாயின், அவனது ஆணவம் ஓரிரவிற் பரிபாகப்பட்டதோ? பட்டதெனின் வினைக்கொள்கை என்னாம்? படவில்லையெனின் உபதேசம் என் செய்யும்? இத்தடை வலியுடையது. இதற்கு விடை கூறாது காசியின் பெருமையை மட்டும் பாடிக்கொண்டிருத்தல் நம் போல்வார்க்குத் தகாது.

சிலர் கூறும் விடை, அக்கூற்று அருத்தவாதம், அஃதாவது புனைந்துரை, என்பதாம். இவ்விடை எமக்கு உடன்பாடன்று. தமக்கு விளங்காதவற்றையெல்லாம் அருத்தவாதமென்று ஒதுக்கத் தொடங்கினால் அவ்வொதுக்கத்துக்கு எல்லை யாண்டையது? இன்று இவர் காசியின் பெருமையை ஒதுக்குவர். நாளை இவர் மாணாக்கர் திருநீற்றின் பெருமையை ஒதுக்குவர். மறுநாள் திருவைந்தெழுத்தின் பெருமையும் அங்ஙனமே ஆகும்.

காசி வழக்கிலேயே இத்தடைக்கு விடை இருக்கின்றது. நம் நாட்டு யாத்திரிகர் பலர் அதனைக் கேட்டறியாது திரும்பிவிடுகின்றனர். காசியில் இயமனுக்கு ஆணை இல்லை. அங்கே ஆணை செலுத்துவார் காலவைரவர். தீவினை உடையார் அங்கு இறப்பின், அவர் நுகரவேண்டிய வினைப்பயன் முழுவதையும் மிகச் சுருங்கிய காலத்தில், ஆயின் குறைவின்றி, வைரவர் நுகர்விக்கின்றார். இதற்கு வைரவி யாதனை என்று பெயர். அந்நுகர்ச்சி முடிந்த பின்னரே தாரகத்தின் பயன் கைகூடும். கேதாரகண்ட எல்லையுள் இறப்பார்க்கு அவ்யாதனையும் இல்லையென்று அங்குள்ளார் ஒரு சிறப்பு விதி கூறுவர். அஃது அவ்வெல்லையுள் வாழ்வார்க்கு ஆறுதல் தருவது. அதனை யாம் ஆராய்கின்றிலேம். இங்கு வேண்டுவது, வினை நுகராது கழியும் என்று காசிநூலாரும் கூறிற்றிலர் என்பதே. அவர் கூறியது நுகர்ச்சியின் காலச்சுருக்கம். 'காசிக்குப் போனாலும் கருமம் தொலையாது' என்னும் பழமொழி பகடியாகப் பிறந்திருக்கலாம். எனினும் வைரவி யாதனையை அறிந்தவர்க்கு அஃது ஒருவகையிற் சாத்திரமாகவே ஒலிக்கும்.

வினை நுகர்ந்து கழிந்தது. மலம் பரிபாகப்பட்டது எங்ஙனம் எனின், கூறுதும். இறைவன் உயிர்களை வினைப்பயன் நுகர்விப்பது ஒறுத்தற்பொருட்டன்று, மலத்தைப் பக்குவப்படுத்தற்பொருட்டு என்பது சித்தாந்தம். ஆடையின் அழுக்கைப் போக்க வண்ணான் அதன்மேற் சாணமும் உவரும் ஏற்றுதலை ஆசிரியர்கள் உவமை கூறினர். பல பிறவிகளில் மெல்லமெல்ல நிகழ்வதனை ஒரு கணத்தில் நிகழ்த்தல் தன்வயத்தனாகிய இறைவனுக்கு அரிதன்று. தீக்கையில் ஆசாரியனை அதிட்டித்து நின்று, அத்துவாக்களிற் கட்டுண்டு கிடக்குஞ் சஞ்சிதத்தை ஒரு பகலில் துடைப்பவனும் அவனே அன்றோ? தீக்கையில் நாம் ஒப்புவதனைக் காசியில் ஒப்பாமைக்குக் காரணம் காண்கின்றிலேம்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். இறைவன் செய்ய வல்லான் என்பது வேறு. அவன் செய்தே தீரவேண்டுமென்று நாம் முறியெழுதி வாங்கிவைத்திருப்பதாக எண்ணுதல் வேறு. முன்னது அன்பு, பின்னது வாணிகம். காசியில் இறத்தலை அந்நாட்டார் 'காசிலாபம்' என்கின்றனர். நல்லவர் வாயில் அச்சொல் நற்பொருளே தரும் என்பதில் ஐயமில்லை. எமக்கு மட்டும் அச்சொல்லைக் கேட்கும்போதெல்லாம் கணக்குப் புத்தகமே நினைவுக்கு வருகின்றது.

தரிசிக்கத் தில்லை, பிறக்க ஆரூர், நினைக்க அண்ணாமலை, இறக்கக் காசி என்று நம் நாட்டில் வழங்குவர். இந்நான்கனுள் காண்டலும் நினைத்தலும் நம் முயற்சிக்குச் சிறிது அடங்குவன. பிறத்தலும் இறத்தலும் அடங்காதன. ஆரூரிற் பிறப்பேன் என்று எவனும் தேர்ந்துகொண்டு பிறந்ததில்லை. காசியில் இறத்தலும் அத்தகையதே. ஆண்டுக்கணக்காகக் காசியில் வதிந்து, ஒருநாள் உறவினர் திருமணத்துக்கென்று வெளியூர் சென்று அங்கே இறந்தாரும் உளர். காசியை ஒருமுறை காண வந்து மூன்றாம் நாள் அங்கேயே உயிர்நீத்தாரும் உளர்.

நாவரசர் வரலாற்றைச் சேக்கிழார் கூறியவாறு நினைவுகூர்தல் இங்கு இன்றியமையாதது. எங்கும் நிறைந்த ஈசனை உன்னாதார்க்குக் கங்கையில் ஆடியும் காவிரியில் ஆடியும் யாது பயன் என்று பாவநாசத் திருக்குறுந்தொகையில் வினாவியவர் அவர். அவரே முதுமைப் பருவத்தில் கயிலை காண வேட்கைகொண்டு வடதிசை நடந்தார். காளத்தியும் சீபருப்பதமும் பணிந்து, பல நாடுகள் கடந்து, வாரணாசியை அடைந்து விருப்பொடு வணங்கினார். அதன் பின்னர் அவர் செய்தது யாது? உடன்வந்தாரை அங்கே விட்டுத் தாம் தமியராய் மேற்சென்றார். உடல் தளர்ந்த முதியவர். இறப்பார்க்கு முத்தி தரும் பதியில் நிற்கின்றார். அங்கேயே தங்கி உடலை விடலாமே என்னும் எண்ணம் அவர்க்குத் தோன்றியதாகச் சேக்கிழார் குறிக்கவேயில்லை. கால் தேய, கை தேய, மார்பு தேயச் சென்று, இறுதியில் திருவருள் ஆணையால் ஒரு தடத்தில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்து, அங்கே கயிலைக் காட்சி கண்டார். வடக்கே தேடிச் சென்ற பொருள் காவிரிக்கரையிற் கிடைத்தது. எனினும் வாரணாசி வரை நடந்த நடையும் அதற்கப்பாற் சென்ற நடையும் வீண் என்று யார் சொல்வார்? அந்நடையின்றி அக்காட்சி இல்லை. யாத்திரை வேண்டாவென்பார்க்கும் யாத்திரையே போதும் என்பார்க்கும் இவ்வரலாறு ஒருங்கே விடையாகின்றது.

குமரகுருபர சுவாமிகள் வரலாறும் இத்தகையதே. தருமபுரத்து மாசிலாமணி தேசிகரை அடைந்து துறவு வேண்டியபோது, காசிக்குச் சென்று வருக என்று தேசிகர் பணித்தார். குருவைப் பிரிந்து அத்துணை நெடுங்காலம் இருத்தற்கு ஆற்றாது சுவாமிகள் வருந்த, அங்ஙனமாயின் சிதம்பரத்திற் சில காலம் வதிக என்று தேசிகரே மாற்றியருளினார். காசிக்கு ஈடாகத் தில்லையைக் குருவே காட்டினார் என்பது இதனாற் பெறப்படும். உபதேசம் பெற்ற பின்னர்ச் சுவாமிகள் காசிக்குச் சென்றார்; கேதாரத்தைப் புதுக்கினார்; மடம் அமைத்தார்; அந்நாட்டு மொழியிற் புராணம் விரித்துரைத்தார்; காசிக் கலம்பகம் பாடினார்; அங்கேயே பரிபூரணமும் எய்தினார். முத்தி வேண்டிக் காசிக்குச் சென்றவர் அல்லர் அவர்; தாம் பெற்றதனைப் பிறர்க்கு வழங்கச் சென்றவர். கேதாரத் துறையில் குமாரசாமி மடமும், நம் நாட்டில் திருப்பனந்தாள் காசிமடமும் இன்றும் அதற்குச் சான்றாக உள்ளன.

யாம் ஒரு மார்கழித் திங்கள் முழுவதும் கேதாரத் துறைக்கு அணித்தாகத் தங்கியிருந்தோம். நாட்காலையில் நீராடிக் கேதாரநாதரை வணங்கி, பகலில் மணிகர்ணிகைப் படியில் அமர்ந்திருப்பது வழக்கமாயிற்று. படகிலே விறகு வந்து இறங்கும். பெருந்துலாக்களில் அதனை நிறுப்பர். பாடைகள் குறுகிய சந்துகளின் வழியே இராமநாமத்தை முழக்கிக்கொண்டு இறங்கும். ஆடுகள் பிணத்தின்மேலிருந்து வீழ்ந்த செவ்வந்தி மாலைகளைத் தின்றுகொண்டிருக்கும். குளிருக்கு அஞ்சிய நாய்கள் ஆறிய சாம்பலிற் சுருண்டு கிடக்கும். இந்நாய்களுக்கும் இங்கே தாரகம் உண்டென்றன்றோ நூல் கூறுகின்றது என்று எண்ணும்போது, அவற்றைக் கல்லால் எறிய ஓங்கிய கை தானே தாழ்ந்துவிடுவதனை யாத்திரிகர் சிலரிடத்துக் கண்டோம். அது நல்ல பயன்.

வேறு சிலவுங் கண்டோம். இறத்தற்பொருட்டே வருவார்க்கென அந்நகரில் அறவில்லங்கள் உண்டு. அவற்றுள் ஒன்றின் பெயர் ஈண்டு வேண்டா. நோய்முற்றியவரைச் சுற்றத்தார் கொணர்ந்து ஓரறையிற் கிடத்தி, கங்கைநீரும் துளசியும் வாயிலிட்டு, நூலோதிக் காத்திருப்பர். அன்பொடு காத்திருந்த மக்கள் பலரை அங்கே கண்டு மனம் உருகினோம். அறைகள் சிலவே, வருவார் பலர், ஆகலின் தங்குதற்கு நாள் எல்லை வகுத்திருந்தனர். கிழவர் ஒருவர் அவ்வெல்லை கடந்தும் உயிரொடு இருந்தார். கஞ்சியும் சிறிது உட்கொள்ளத் தொடங்கினார். அவர் முகத்தில் மகிழ்ச்சி இருந்தது. அவரைக் கொணர்ந்தார் முகத்தில் அஃது இல்லை. ஊர்திக்குச் செலவிட்ட பொருளையும், விட்டுவந்த கடையையும் பற்றியே அவர்கள் பேசிக்கொண்டிருந்தனர். தந்தை உயிர் பிழைத்தது மக்களுக்கு இழப்பாகத் தோன்றும் இடத்தில், முத்தி என்னுஞ் சொல் எப்பொருளில் வழங்குகின்றது என்று யாம் எண்ணி எண்ணி வருந்தினோம்.

கணவரை இழந்து, மக்களாற் கைவிடப்பட்டு, சத்திரத்துச் சோற்றுக்குக் கையேந்தி நிற்கும் முதுமகளிர் அந்நகரில் மிகப் பலர். அவருட் பலரைத் 'தாயே, உனக்கு இங்கே முத்தி' என்று சொல்லிக் கொணர்ந்து விட்டுச் சென்றார் அவர் ஈன்ற மக்களே. இஃது அவ்வன்னையர்க்குக் காசிவாசமாகலாம்; விட்டுச் சென்ற மக்களுக்கு அது யாது? தலைமேல் இருந்த சுமையை இறக்கிவைத்துவிட்டு அதற்கு முத்தி என்று பெயரிட்டனர். அடியாரிடத்தும் உயிர்களிடத்தும் அன்பில்லாதார்க்கு ஈசனிடத்தும் அன்பில்லை என்று சித்தியார் வற்புறுத்தும் பொருளை இவ்விடத்து வைத்து நோக்குக. கயையிலே தமக்கு விருப்பமான காயொன்றும் கனியொன்றும் விட்டுவரும் வழக்கம் நம்மவரிடத்து உண்டு. எப்போதும் வெறுத்தொதுக்கிய பாகற்காயை விட்டுவருவாரைப் பார்த்து நகைக்கின்றோம். பெற்ற தாயை விட்டுவருவாரைப் பார்த்து என் செய்வது?

ஆகவே தலத்தின் பெருமை யாரை நோக்கிக் கூறப்பட்டது என்பதே இவ்வாராய்ச்சியின் உயிர்நிலை. இதற்கு நமிநந்தியடிகள் வரலாறு பெருந்துணை செய்வது. மணலிக்கு இறைவன் எழுந்தருளிய விழாவிற் பலரொடுங் கலந்து சென்றமையால் தூய்மை கெட்டதென்று கருதி, நீராடிய பின்னரே பூசை செய்வேன் என்று அடிகள் தம் மனையின் புறத்தே இருந்தபோது, இறைவன் கனவிலே தோன்றி, ஆரூர்ப் பிறந்தார் எல்லாம் நம் கணங்கள். அதனை நீ காண்பாய் என்று அருளினார். மறுநாள் அவ்வூரார் அனைவரும் சிவகணங்களாய் விளங்கக் கண்டு அடிகள் நிலத்தில் வீழ்ந்து வணங்கினார். பின்னர் அவர்கள் முன்போலவே ஆயினர். ஈண்டு ஒன்று காண்க. அக்காட்சி அடிகளுக்கு அருளப்பட்டது, ஆரூரார்க்கு அருளப்படவில்லை. நாம் ஆரூரிற் பிறந்தோம், இனி நமக்குப் பூசை எற்றுக்கு என்று ஆரூரார் இறுமாந்திருத்தற்கு அது கூறப்பட்டதன்று. இவரொடு கலந்தமையால் மாசுற்றேன் என்று அவரை இழித்து நோக்கிய கண்ணைத் திருத்தற்பொருட்டே கூறப்பட்டது.

காசிக்கும் இந்நெறியே ஒக்கும் என்க. இங்கு இறப்பார் எவர்க்கும் இறைவன் செவியிலே வந்து கூறுகின்றான் என்பது, இறக்கின்றவனைச் சூழநிற்பார்க்குக் கூறப்பட்டது. இறப்பவன் தொழுநோயாளனாயினும், ஏதிலனாயினும், தெருநாயாயினும், அவன் செவியருகே இறைவன் குனிந்திருக்கின்றான் என்று கருதுவோன் அவனை இகழமாட்டான். விட்டுச் செல்லவும் மாட்டான். தனக்கு என்று அதனைக் கொள்வோனிடத்து அஃது ஓர் இறுமாப்பாகவோ வாணிகமாகவோ முடிகின்றது; பிறர்க்கு என்று கொள்வோனிடத்து அன்பாக விளைகின்றது. கபீர்தாசர் நம் சமயத்தவர் அல்லர். காசியிலே நெய்தற்றொழில் செய்து வாழ்ந்தவர். இறுதிக் காலத்தில், அங்கு இறந்தார்க்கு இழிபிறப்பே உண்டென்று மக்கள் அஞ்சிய மகரம் என்னும் ஊருக்கு வேண்டுமென்றே சென்று உடல்நீத்தார் என்பர். அவர் காசியை இகழ்ந்தார் என்று யாம் கருதுகின்றிலேம். காசியைத் தமக்கென்று பற்றிக்கொள்ள மறுத்தார்.

இவ்வளவும் கூறியதற்கு ஒரு காரணம் உண்டு. அன்பர் ஒருவர், சமயதீக்கையும் விசேடதீக்கையும் பெற்றவர், எமக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். அவர்தம் அன்னையார் எண்பது கடந்தவர். எழுந்து நடக்க இயலாதவர். தம்மைக் காசியிற் கொண்டுசென்று விடும்படி நாடோறும் கேட்கின்றார். வழிப்பயணம் ஆகாது என்று மருத்துவர் தடுக்கின்றார். கொண்டுசென்றால் வழியிலேயே உயிர் நீங்குமோ என்றும், கொண்டுசெல்லாவிடின் தாயின் முத்தியைத் தடுத்த பாவம் தம்மைச் சாருமோ என்றும் அவர் அஞ்சுகின்றார். விமானத்தில் ஒரு பகலிற் சென்றுவிடலாமே என்று சுற்றத்தார் வேறு நெருக்குகின்றனராம்.

அவர்க்கு யாம் எழுதியது இது. அன்னையாரது விருப்பம் மூதாட்டி ஒருத்தியின் பேதைமை அன்று; இறுதியில் இறைவன் தம்மை விடாதிருக்க வேண்டும் என்னும் வேட்கையே அவ்வுருக்கொண்டு வெளிப்படுகின்றது. ஆகலின் அதனை மறுத்துப் பேசற்க. ஆயினும் மருத்துவர் தடுக்கும் உடம்பை ஊர்தியில் ஏற்றி அலைத்தல் வேண்டா. வலியால் நினைவு தடுமாற ஓர் அன்னிய நிலையத்துப் பலகையில் உயிர் நீங்கினால், அவர் வேண்டியது எதுவோ அதுவே கைநழுவிப்போம். காசியில் முத்திக்கு ஏது உபதேசம் என்று மேலே நிறுவினோம். முதியோர்க்கும், நோயுற்றார்க்கும், விதித்த அனுட்டானங்களை நிரம்பச் செய்யமாட்டாத பிறர்க்கும் நிர்ப்பீச தீக்கை என்று ஒன்றனை நம் ஆகமங்கள் தனியே வகுத்துள்ளன. இறக்கும் நிலையில் உள்ளார்க்குரிய சத்தியோ நிர்வாணமும் அதன்பாற்பட்டதே. அஃதாவது, நடக்கமாட்டாதவரிடத்துக் குரு நடந்துவரும் நெறி நம் சமயத்தில் முன்னரே உள்ளது. ஆகவே ஆசாரியரை இல்லத்துக்கு அழைத்து, அன்னையார் நினைவொடு இருக்கும்போதே அதனைச் செய்விக்க. நீரும் தினமும் அவர் வலப்பக்கத்தே அமர்ந்து திருமுறை ஓதுக, ஐந்தெழுத்தைச் சொல்லுக. 'அம்மா, காசியிற் செய்வதனையே இங்கும் செய்கின்றோம்' என்று வாய்விட்டுச் சொல்லுக, அஃது பொய்யாகாது.

மடங்களின் நிருவாகத்தார்க்கு ஒரு விண்ணப்பம் உண்டு. தீக்கை பெற விரும்புவார் மடத்துக்கு வருக என்று குறித்த நாளில் விளம்பரம் செய்கின்றோம்; இளைஞரும் நடுவயதினரும் வருகின்றனர். நிர்ப்பீசத்துக்கு உரியரென்று ஆகமம் எவரைக் கூறிற்றோ அவர் வரமாட்டாதவர். அவர்தம் இல்லங்களுக்குச் சென்று வருதற்கென்றே ஒவ்வோர் ஆதீனத்திலும் ஓர் ஆசாரியரையும் ஓர் ஓதுவாரையும் அமர்த்தினால், கட்டிலிற் கிடந்து காசியை எண்ணி ஏங்குவார் பலர் பயனெய்துவர். மேற்கூறிய அன்பர் வாழ்வது சிற்றூர். அவ்வூர்க்கு அண்மையில் அத்தீக்கை செய்யவல்ல ஆசாரியர் இலராம். அறிந்தவர் இப்பத்திரிகை நிலையத்துக்கு எழுதினால், அச்செய்தியை அவர்க்கு அன்றே அனுப்புவோம். அன்னையார் இன்னும் நினைவொடு இருக்கின்றார்.